புல்லும் கேதுருவும்

கேள்வி: 92-ஆம் சங்கீதம் துன்மார்க்கரைப் புல்லுக்கு ஒப்பிடுகிறது. இயேசுவோ, கடவுள் அழகாக உடுத்திவிட்டது என்று அதே புல்லைக் காட்டுகிறார். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டையும். சங்கீதக்காரர் பார்ப்பது புல்லின் வேகத்தை. மழை விழுந்ததும் மண்டும், வெயில் ஏறியதும் கருகும். இயேசு பேசுவது நாளைய சோற்றுக்கும் துணிக்கும் கலங்குகிறவர்களிடம். அடுப்புக்குப் போகிற புல்லையே கவனிப்பவர் உங்களை விட்டுவிடுவாரா என்பது அவர் வாதம். அதே 92-ஆம் சங்கீதம் நீதிமானை மரத்துக்கு ஒப்பிடுகிறது என்பதற்காக, மரம் என்றதும் நீதிமான் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். 37-ஆம் சங்கீதத்தில் பச்சை மரம்போல் தழைத்து நிற்பவன் கொடியவன்தான். யாரைப் பார்த்துச் சொன்னது என்று கேட்டுவிட்டுத்தான் வேதாகமத்தில் எந்தச் செடியையும் தொட வேண்டும்.

கேள்வி: இறையரசுக்கு உவமை சொல்ல இயேசுவுக்குக் கடுகுதான் கிடைத்ததா? லீபனோனில் கேதுரு இல்லையா?

பதில்: இருந்தது. பறவைகள் வந்து தங்கும் பெருமரம் என்றால் பேரரசு என்று பழைய தீர்க்கதரிசிகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எசேக்கியேல் 31-இல் அசீரியா அப்படியொரு கேதுரு. தானியேல் 4-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் வானத்தை முட்டும் மரம். இரண்டும் வெட்டுண்டு சாய்கின்றன. எசேக்கியேல் 17-இல் கடவுளே கேதுருவின் கொழுந்தைக் கிள்ளி உயர்ந்த மலையில் நடுகிறார், அங்கேயும் பறவைகள். இயேசு பறவைகளை வைத்துக்கொண்டு மரத்தை மாற்றிவிட்டார்! மத்தேயுவும் லூக்காவும் கடுகை மரம் என்றே சொல்லிவிடுகிறார்கள். மாற்கில் அது பூண்டுகளில் பெரியது, அவ்வளவுதான். எனக்கு மாற்கின் கடுகைத்தான் பிடிக்கும். ரோமாபுரியின் பிடியில் வாழ்ந்த கலிலேயா ஏழைகளுக்கு இன்னொரு பேரரசை இயேசு வாக்களிக்கவில்லை. குருவி ஒதுங்க நிழல் உண்டு என்றார்.

கேள்வி: பருவமில்லாத காலத்தில் பழம் தேடிவிட்டு இயேசு அத்திமரத்தைச் சபித்தது அநியாயமில்லையா?

பதில்: மரத்தோடு நிறுத்திக்கொண்டால் அநியாயம்தான். மாற்கு 11-ஐ வரிசையாக வாசியுங்கள். முதலில் சாபம், அடுத்து எருசலேம் ஆலயத்திலிருந்து வியாபாரிகளை விரட்டுகிறார், மறுநாள் காலை மரம் வேரோடு பட்டுக் கிடக்கிறது. நடுவில் ஆலயம், இரு பக்கமும் மரம். இலை செழித்துக் கனியில்லாமல் நின்றது எதுவென்று இதற்குமேல் சொல்ல வேண்டுமா? லூக்காவில் அந்தச் சாபமே இல்லை. அங்கே 3 வருடமாகக் காய்க்காத அத்திக்குத் தோட்டக்காரர் இன்னும் ஒரு வருடம் தவணை கேட்கிறார், சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்லி.

கேள்வி: இயேசுவின் உவமையில் களையைப் பிடுங்காதே என்கிறாரே எஜமான், எந்த விவசாயி அப்படிச் சொல்வார்?

பதில்: கதிர் விடும்வரை கோதுமையைப் போலவே இருக்கும் களை அது. பிடுங்குகிற கை கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் என்பதுதான் எஜமானின் பயம். அடுத்தவரைக் களை என்று தீர்ப்பெழுதத் துடிப்பவர்கள் மத்தேயு 13-ஐ வாசித்துவிட்டு வரட்டும்.

கேள்வி: தீர்க்கதரிசி யோனாவுக்கு நிழல் தந்த ஆமணக்கு என்ன பாவம் செய்தது?

பதில்: ஒன்றும் செய்யவில்லை. ஒரே இரவில் வளர்ந்தது. மறுநாள் விடியலில் புழு அரித்துப் பட்டுப்போனது. தான் நடாத, தண்ணீர் ஊற்றாத செடிக்காக யோனா செத்துவிடலாம் என்ற அளவுக்குப் பொருமினார். கடவுள் கேட்டதோ, யோனா அழிவை எதிர்பார்த்திருந்த நினிவே நகரைப் பற்றி. வலக்கை இடக்கை தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதருக்கு நான் இரங்கக்கூடாதா என்றார். அங்கிருந்த ஆடுமாடுகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.