ஒன்றுக்கும் உதவாததை ஓன்லைனில் வாங்குவது எப்படி?

யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குள் உதவாத சாமானைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் காசு மட்டும் போதாது. படலை திறக்கும்போதே "என்ன விலை?" வரும். விலையைச் சொன்னால் "என்னத்துக்கு?" வரும். இரண்டுக்கும் மறுமொழியைப் பாடமாக்கிக்கொண்டு டராஸ் இணையக் கடையைத் திறவுங்கள்.

முதல் வேலை தெரிவு. மேசைத் தூளை உறிஞ்சும் வண்டு, தேத்தண்ணிக் கோப்பையைச் சூடாக்கும் யூ.எஸ்.பி. தட்டு, முட்டையைக் கோதுக்குள்ளேயே கலக்கும் கருவி என்று எல்லாம் இருக்கும். ஒன்றை ஒருமுறை தேடிப் பார்த்தால் போதும், அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் எல்லாம் முகநூல்வரை பின்னால் வரும். திருவலை, சுளகு, நீத்துப்பெட்டி எல்லாம் ஒழுங்காக இருக்கும் குசினிக்கு, அவற்றில் ஒன்றின் வேலையை அரைகுறையாகச் செய்யும் சாமானே உகந்தது. அமேசனில் ஹட்ஸ்லர் 571 என்றொரு வாழைப்பழ வெட்டி உண்டு. அதற்கு ஆயிரக்கணக்கானோர் கேலி விமர்சனம் எழுதிப் புகழ் சேர்த்திருக்கிறார்கள். நீட்டுப் பழத்துக்கு அளவெடுத்துச் செய்தது. நீர்வேலிக் கதலியை அதில் வைத்தால் பாதிக் கத்தி காற்றைத்தான் வெட்டும். தாராளமாக வாங்கலாம்.

கல் விற்றால் மட்டும் வாங்காதீர்கள். 1975இல் அமெரிக்காவில் கேரி டால் என்ற விளம்பரக்காரர் சாதாரணக் கூழாங்கல்லை வைக்கோலோடு பெட்டியில் போட்டு, மூச்சுவிட ஓட்டையும் வைத்து, வளர்ப்பு முறைகள் அடங்கிய கைநூலும் சேர்த்து, 3.95 டொலருக்கு விற்றார். சில மாதத்துக்குள் பத்து இலட்சத்துக்கும் மேல் போனது. நமது குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். கிணறு வெட்டிய வீட்டுக்காரருக்குக் கல் பரிசளித்தால் உறவு முறியும்.

பறக்கும் சாமானும் தூரத்தில் கதைக்கும் சாமானும் வேண்டாம். ட்ரோன் இறக்கப் பாதுகாப்பு அமைச்சு, சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை என்று அனுமதி தேடவேண்டும். வோக்கி டோக்கிக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு இருக்கிறது. மருமகனின் பிறந்தநாளுக்கு இத்தனை பேரைக் கூப்பிடத் தேவையில்லை.

இனி "என்னத்துக்கு?" என்பதற்கான மறுமொழி. "கறண்ட் போனால் உதவும்" என்றால் போதும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்ததை ஒருவரும் மறக்கவில்லை. ஆகவே இந்த மறுமொழி எதற்கும் செல்லும். கோப்பை சூடாக்கும் தட்டுக்குக்கூடத் துணிந்து சொல்லலாம், யாரும் யோசித்துப் பார்ப்பதற்குள் கதையை மாற்றிவிடவேண்டும்.

தொண்ணூறுகளில் இங்கேயே இருந்த பெரியவரிடம் மட்டும் இது பலிக்காது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரியே வராத காலம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட மனிசர். ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் படித்தவர், படிப்பித்தவர். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர். அவருடைய கையில் "அவசரகாலச் சுழற்று ரோச்" என்று ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு தரம் சுற்றுவார், மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பார், "இதுக்கோ காசு குடுத்தனி?" என்பார். யப்பானில் கென்ஜி கவகாமி என்பவர் பயன்படுவதுபோல் தோன்றிப் பயன்படாத கருவிகளுக்குச் சிந்தோகு என்று பெயரிட்டு ஒரு கலையே வளர்த்தார். அதற்கு நேரெதிரான கலையில் பட்டம் பெற்ற ஊர் இது. பெரியவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பார்சலைப் பிரியுங்கள்.

பார்சல் வந்து சேருவது தனிக் கதை. முகவரியில் வீட்டிலக்கம் எழுதியிருப்பீர்கள், அதை ஒழுங்கையில் ஒருவரும் அறியார். கூரியர் தம்பி போன் எடுப்பார்.

"அண்ணை, வைரவர் கோயிலடிக்கு வந்திட்டன்."

"எந்த வைரவர் தம்பி?"

"வேப்பமரம் நிக்குது."

"எல்லா வைரவரோடயும் வேப்பமரம்தான் நிக்கும். பக்கத்தில கடை இருக்கோ?"

"இருக்கு, பூட்டியிருக்கு."

இதற்குள் மூன்று வீட்டுக்காரர் படலைக்கு வந்துவிடுவார்கள். தம்பியைக் கூட்டிவந்து விடுபவர் பெட்டியில் ஒட்டியிருப்பதையும் வாசித்துவிட்டுத்தான் போவார். ஆகையால் முன்கூட்டியே கார்ட்டில் கட்டிவிடுங்கள். சாமான் கைக்கு வந்தபிறகு காசு கொடுப்பதே நம்மவருக்கு நம்பிக்கை, உண்மைதான். ஆனால் படலையில் நின்று தம்பி "ரெண்டாயிரத்தி எண்ணூறு அண்ணை" என்று உரத்துச் சொன்னால், விலையைப் பாதியாக்கிச் சொல்லும் உங்கள் உரிமை பறிபோகிறது.

சாமான் பிழையாக வந்தால் திருப்பி அனுப்பலாம். பெட்டியும் உறையும் வந்தபடியே இருக்கவேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. பெட்டியில் அம்மா ஒடியல் போட்டுவிட்டா. குமிழிப் பிளாஸ்டிக்கைப் பெரியவர் சாய்மனைக் கதிரையில் இருந்து ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருக்கிறார், வந்த சாமான்களில் இது ஒன்றுதான் உருப்படியானது என்கிறார்.