கோழிக்கு ஒரு குளுகுளு கூரை

கேள்வி: கொல்லைப்புறக் கோழிக்கூண்டுக்குத் தகரக் கூரை. வெயிலில் கோழிகள் வாயைப் பிளக்கின்றன. அடியில் தெர்மாகோல் ஒட்டலாமா?

பதில்: ஒட்டலாம். மறுநாளே கோழிகள் அதைக் கொத்தித் தின்ன ஆரம்பித்துவிடும்!

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடல் வெப்பமோ சுமார் 41 டிகிரி செல்சியஸ். வாய் திறந்து மூச்சிரைப்பதுதான் அதன் ஏ.சி. தெர்மாகோல் ஆசை விடவில்லையென்றால், தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே, அலகு எட்டாதபடி அடைத்துவிட வேண்டும். (எலி குடியேறினால் வாடகை கேட்க முடியாது. ஓரங்களில் கம்பிவலை அவசியம்.)

செலவு குறைந்த வழியை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் பார்க்கலாம்: கோடையில் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, மேலே தென்னங்கீற்று, உச்சி வெயிலில் தண்ணீர்த் தெளிப்பு. சுவர் உச்சியில் ஒரு சாண் திறப்பு விட்டால் சூடான காற்று வெளியேறும். அங்கும் வலை, கீரிக்கும் காற்று வாங்கப் பிடிக்கும்.