மீசை தடையில்லை

கேள்வி: குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. தாய்ப்பால் விஷயத்தில் அப்பாவுக்கு என்ன வேலை?

பதில்: பால் சுரப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையும்! பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். நடுராத்திரியில் தூக்கி வந்து கொடுப்பது, தோளில் சாய்த்து ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, மனைவியின் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ச் செம்பு வைப்பது... இதற்கெல்லாம் மீசை தடையில்லை.

பெரிய வேலை வாசலில் இருக்கிறது. பார்க்க வரும் சொந்தக்காரர் "பால் பத்தலை போல, பிள்ளை அழுவுதே" என்பார். பின்னாலேயே சர்க்கரைத் தண்ணீரும் பவுடர் பாலும் வரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை உங்கள் அத்தையிடம் மனைவி சொன்னால் வாயாடிப் பட்டம். நீங்கள் சொன்னால் பேச்சு அடங்கும். நியாயமில்லைதான், ஆனாலும் நீங்களே சொல்லுங்கள். இப்படிப்பட்ட பேச்சால் தாயின் மனம் பதறினால் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் தடைபட்டு, பால் இறங்கத் தாமதமாகும். குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கு உங்கள் பொறுப்பு.

மத்திய அரசு ஊழியரா? 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. இன்றே எழுதிக் கொடுங்கள்.