ரேழி குரூப்பில் நாலாவது ஆள்

வாட்ஸ்அப் குரூப்பை யார் கண்டுபிடித்தது என்று திருக்கோவிலூர்க்காரனிடம் கேட்டுவிடாதீர்கள். எங்கள் ஊர் ரேழியில்தான், ஒரு மழை ராத்திரியில் என்று அடித்துச் சொல்வான். சொல்லவில்லையென்றால் அவன் பக்கத்து ஊர்க்காரன்.

கதை தெரிந்ததுதான். காஞ்சிபுரத்துப் பொய்கையாழ்வார் மழைக்கு ஒதுங்கினார். ஒரு ஆள் படுக்கிற அளவு ரேழி. படுத்தார். கதவு தட்டுகிற சத்தம், மாமல்லபுரத்துப் பூதத்தாழ்வார். ஒருத்தர் படுக்கிற இடத்தில் இரண்டு பேர் உட்காரலாமே, உட்கார்ந்தார்கள். மறுபடி சத்தம், மயிலாப்பூர்ப் பேயாழ்வார். மூன்று பேர் நிற்கலாம், நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் முன்பின் பார்த்ததில்லை. அந்த இருட்டில் டிபி எங்கே தெரியப்போகிறது? "எந்தத் தெரு, என்ன ஆளுங்க, பையன் என்ன பண்றான்" என்று யாரும் விசாரித்ததாகவும் கதையில் இல்லை. ஐப்பசித் திருவோணம், அவிட்டம், சதயம் என்று அடுத்தடுத்த நட்சத்திரத்தில் பிறந்தவர்கள். ஃபேஸ்புக் இருந்திருந்தால் மூன்று நாள் விடாமல் பலூன் பறக்கவிட்டு உயிரை எடுத்திருக்கும்.

அப்போதுதான் இடிபட ஆரம்பித்தது. மூன்று பேர் நிற்கிற இடத்தில் நாலாவதாக யாரோ நெருக்குகிறார். அட்மின் யாரையும் சேர்க்கவில்லை. லிங்க் வழியாக வந்ததாகத் தகவலும் இல்லை. விளக்கேற்றித்தான் பார்க்க வேண்டும். பொய்கையார் பூமியை அகலாக்கி, கடலை நெய்யாக ஊற்றி, சூரியனை ஏற்றினார். பூதத்தார் அவ்வளவு செலவுக்குப் போகவில்லை, அன்பையே அகலாக்கிக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் பேயார் கண்டுகொண்டார்: நெருக்கியவர் பெருமாள். ஆளுக்கு நூறு பாட்டு பாடினார்கள். மூன்று திருவந்தாதியும் இப்படி நசுங்கியதில் கிடைத்ததுதான்.

நம் குரூப்பிலும் நாலாவது ஆள் இருக்கிறார். 2016-இல் வாட்ஸ்அப் எல்லாச் செய்திக்கும் பூட்டுப் போட்டது; நாம் எழுதுவதை அவர்களாலேயே படிக்க முடியாது என்றார்கள். இருக்கட்டும். யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு அடிக்கடி என்பதை அந்தப் பூட்டு மறைக்காது. ஒருத்தன் ராத்திரி ஒன்றரை மணிக்கு அடகுக் கடைக்காரரோடும், காலை ஆறு மணிக்கு வக்கீலோடும், ஏழு மணிக்கு மாமனாரோடும் பேசினால், என்ன பேசினான் என்று உட்கார்ந்து படிக்கவா வேண்டும்? ஆழ்வார்கள் விளக்கேற்றி நாலாவது ஆளைப் பார்த்தார்கள். இங்கே விளக்கு அவர் கையில் இருக்கிறது.

அந்த ரேழிப் பெருமாள் சாமானியப்பட்டவர் இல்லை, உலகளந்தவர். கேட்டது மூன்றே மூன்று அடி. கான்டாக்ட், கேமரா, லொகேஷன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மகாபலி ஒரே அமுக்கில் அனுமதி கொடுத்தார். கொஞ்சம் படித்துப் பார்த்து அமுக்கப்பா என்று தடுத்தவர் சுக்கிராச்சாரியார் ஒருத்தர்தான். வண்டாக மாறிக் கமண்டல மூக்கை அடைத்தவருக்குத் தர்ப்பைக் குத்தில் ஒரு கண் போயிற்று. பிரைவசி பாலிசியைப் படி என்று சொல்கிறவனுக்கு இன்றைக்கும் அதே மரியாதைதான்.

மகாபலியாவது தன் தலையைக் கொடுத்தார். 2018-இல் வெளியே வந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், உன் குணம் என்ன என்று சொல்கிற ஒரு ஆப்பை இந்தியாவில் இறக்கிக்கொண்டவர்கள் வெறும் 335 பேர். அவர்களுடைய நட்புப் பட்டியல் வழியாக மாட்டியிருக்கக்கூடியவர்கள் 5,62,000-க்கும் மேல் என்று ஃபேஸ்புக்கே கணக்குக் கொடுத்தது. நண்பன் தலையைக் காட்டி, இங்கே வை உன் காலை என்ற கதை.

நான் மட்டும் யோக்கியமா? ஆர்குட் காலத்து ஆள் நான். 2004-இல் தொடங்கி 2014 செப்டம்பர் 30-இல் கடையைக் கட்டிய அந்த ஆர்குட்டில், நம் பக்கத்துக்கு யார் யார் வந்து போனார்கள் என்று காட்டுகிற வசதி ஒன்று இருந்தது. அது தெரியாமல், பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் அழுது, கூடப் படித்த பெண்ணின் பக்கத்தைத் தினமும் எட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து ஒரு ஸ்கிராப் வந்தது: "தெனம் வாசலோட போறீங்களே, ஒரு நாளைக்கு உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க." அப்புறம் அந்த பிரவுசிங் சென்டர் இருந்த தெருப் பக்கமே நான் போகவில்லை.

ஆர்குட்டாவது அழிந்தது. கோயில் சுவர் அழியாது. எங்கள் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பாரி செத்த பிறகு அவன் மகளைக் கபிலர் மலையனுக்குக் கட்டிக்கொடுத்ததும், பிறகு தீயில் புகுந்ததும் அதில் வெட்டியிருக்கிறது. நண்பனின் மகளுக்கு மாப்பிள்ளை தேடி அலைந்த கதை ஆயிரம் வருஷமாகப் பொதுவில் கிடக்கிறது. டெலீட் பண்ண வழியில்லை. அந்தக் காலத்துக் கோயில்களில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு விடுவார்கள். அவற்றுக்குக் கல்வெட்டில் பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாது, கிழடு தட்டாது, எண்ணிக்கை குறையாது. சர்வரில் கிடக்கிற நம் பழைய போட்டோவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இன்னும் யாரும் வைக்கவில்லை.

ஆழ்வார்கள் முகம் தெரியாமலே ஆளைத் தெரிந்துகொண்ட இதே ஊரில், டிபியை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்தார் ஒரு ராஜா. மெய்ப்பொருள் நாயனார். திருநீறு பூசிய யார் வந்தாலும் ஃப்ரெண்ட் ரெக்வெஸ்டை யோசிக்காமல் ஏற்கிற மனுஷர். முத்தநாதன் அவரோடு பலமுறை சண்டை போட்டுத் தோற்றவன். யானையும் குதிரையும் செலவுதான் மிச்சம். ஃபேக் ஐடிக்கு ஆகிற செலவு எவ்வளவு? உடம்பு நிறையத் திருநீறு, முடிந்த சடை, கையில் ஒரு சுவடிக் கட்டு. கட்டுக்குள் கத்தி. தெரியாத அட்டாச்மென்டைத் திறக்காதே என்று இப்போது வங்கிக்காரர்கள் அனுப்புகிற எச்சரிக்கையைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்.

எல்லா வாசலும் அந்த டிபிக்குத் திறந்தது. கடைசி வாசலில் தத்தன் என்கிற காவலாளி மட்டும், "ராஜா தூங்குறார், நேரம் பார்த்து வாங்க" என்றான். அந்த அரண்மனையில் இருந்த ஒரே ஓடிபி அவன்தான். அவனையும் தாண்டிக்கொண்டு உள்ளே போனான். ராணி எழுந்து ராஜாவை எழுப்பினாள். எங்கேயும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன், ஆனால் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும் என்றான் முத்தநாதன். அதாவது, இன்பாக்ஸுக்கு வா. ராணியை அந்தப்புரத்துக்கு அனுப்பினார் ராஜா. அவனை ஆசனத்தில் உட்காரவைத்துவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். கும்பிட்டார். அவன் கட்டைப் பிரித்தான்.

வெட்டுப்பட்ட நிமிஷம் தத்தன் வாளோடு பாய்ந்தான். ராஜா சரிந்தபடியே கையை நீட்டித் தடுத்தார்: "விடு தத்தா, அவர் நம்ம ஆளு." பிளாக் பண்ணவில்லை, ரிப்போர்ட் அடிக்கவில்லை. ஊர்க்காரன் யாரும் இவரைத் தொடக் கூடாது, பத்திரமாகக் கொண்டுபோய் விட்டு வா என்றார். தெருவெல்லாம் கூட்டம், ஆளுக்கொரு ஆயுதம். ராஜா உத்தரவு, ராஜா உத்தரவு என்று சொல்லிக்கொண்டே, தன் ராஜாவை வெட்டியவனுக்குத் தத்தன் வழி விலக்கிப் போனான். ஊரைத் தாண்டி விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தான்.

அதுவரைக்கும் ராஜா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அனுப்பிய மெசேஜுக்கு இரண்டு நீல டிக் விழுகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தத்தன் மூச்சு வாங்க வந்து, "விட்டுட்டேன் சாமி" என்றான். அப்புறம்தான் ஆஃப்லைன் போனார்.