ஜாப் கார்டு அண்ணன்

உடுமலைப்பேட்டையில் பனியன் துணிக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் பலர். கார் சர்வீஸில் தருகிற ஜாப் கார்டுகளைச் சேர்க்கிறவரும் வீதிக்கு ஒருவர் உண்டு. கக்கத்தில் பிளாஸ்டிக் ஃபைலோடு டீக்கடைக்கு வந்தால் அவர்தான். "வண்டி எப்படிங்ணா ஓடுது?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"ஓடறப்ப 14 வோல்ட்டு கிட்டயாச்சும் காட்டோணுமுங்க. பல்லடம் ரோட்டுல ஒரு குழியில எறங்குனா 11 காட்டுது. மீதி 3 எங்கீங்க போச்சு?"

நாமே எடுத்துவிட்ட மாதிரி நம்மைப் பார்ப்பார்.

அண்ணன் காரில் செக் லைட் எரியும், கண்ணாடி பாதியில் நிற்கும், வைப்பர் வெயிலில் ஆடும். கோயம்புத்தூர் ஷோரூமுக்குக் கிளம்புவார். பொள்ளாச்சி வரை எரிகிற லைட், கிணத்துக்கடவில் கண்சிமிட்டும். ஷோரூம் கேட்டைக் கண்டதும் நல்ல பிள்ளையாக அணைந்துவிடும்.

"ஸ்கேனர்ல இப்ப எந்த ஃபால்ட்டும் இல்லைங்க சார். பழைய கோடு ஒண்ணு இருந்துச்சு, அழிச்சுட்டோம்."

"அழிச்சுட்டீங்களா? அது ஒண்ணுதானுங்க எனக்கிருந்த சாட்சி!"

ஒரு தடவை சென்சார் மாறும்; ஒரு தடவை பேட்டரி மாறும்; மாற்ற ஒன்றும் இல்லாதபோது சாஃப்ட்வேர் மாறும். வாரண்டி கேட்டால், வெளியில் மாட்டிய ஃபாக் லைட்டைக் காட்டி, "வயரை வெட்டியிருக்கீங்களே சார்" என்பார்கள். ஜாப் கார்டில் 'புகார்: லைட் எரிகிறது. பரிசோதனை: எரியவில்லை' என்றிருக்கும். கீழே தொகை மட்டும் தெளிவாக இருக்கும்.

"துணியில ஒரு ஓட்டைன்னா திருப்பூர்க்காரன் எனக்கு டெபிட் நோட் போடறானுங்க. நான் உங்களுக்குப் போடட்டுங்களா?" என்று அண்ணன் கேட்பார். காபி வரும்.

ஊரில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. தென்னந்தோப்புக்காரர், "எலி வயரைக் கடிச்சிருக்கும்" என்று பானட்டுக்குள் புகையிலை கட்டச் சொன்னார். எலி வந்ததோ இல்லையோ, ஏசி போட்டதும் வந்த வாசத்தில் அண்ணி ஒரு வாரம் அண்ணனின் சட்டைப் பையைச் சோதித்தார்.

"1920-ல ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் உட்டாருங்க. அந்தக் காலத்து வண்டி கெட்டா நின்னுபோகும். இது ஓடிக்கிட்டே மெரட்டுது!" என்பது அண்ணனின் வரலாற்றுப் பார்வை.

கடைசியில் பழனி ரோட்டு எலக்ட்ரீஷியன் ஒருவர், ஸ்கேனர் எதுவும் இல்லாமல், பாடியில் பிடித்திருந்த எர்த் போல்ட்டைக் கையால் ஆட்டினார். ஆடியது. துருவேறித் தளர்ந்த போல்ட், வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பை விட்டிருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் வண்டியிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியும் தன் பங்குக்கு ஒரு புகார் எழுதும். வண்டி அசையாமல் நின்றால் எல்லாம் சமாதானமாகிவிடும். உப்புத்தாளால் தேய்த்தார், முறுக்கினார், "அம்பது ரூவா குடுங்ணா" என்றார்.

வண்டி சரியாகிவிட்டது. அண்ணன்தான் சரியில்லை. "எர்த் போல்ட்டுன்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல பேச்சு முடிஞ்சு போகுதுங்க" என்று வருத்தப்பட்டார்.

இப்போது கார் வாங்கப்போகும் மச்சானை எலக்ட்ரிக் கார்தான் வாங்க வேண்டும் என்று நச்சரிக்கிறார். "முழுக்கவே கரண்டு மாப்ள! வாங்கிப் போடு, ஜாப் கார்டெல்லாம் நான் பாத்துக்கறேன்."