கனடா அக்கவுண்டும் கோண்டாவில் ஒழுங்கையும்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ரீவி வைத்திருந்தவனுக்குத் திசை தெரிந்திருக்க வேண்டும். 1982 பெப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினி வேண்டுமென்றால் அன்ரெனா தெற்கே பார்க்கும். கொடைக்கானலில் இருந்து வரும் தூரதர்ஷன் வேண்டுமென்றால் மேற்கே. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் அநேகமாக எல்லா அன்ரெனாவும் மேற்கேதான். கூரையில் ஒருவர் பைப்பைத் திருப்ப, உள்ளேயிருந்து ஒருவர் கத்துவார்.

"இப்ப கிளியரோ?"

"இன்னும் கொஞ்சம்... ஐயோ, போட்டுது!"

சோளகம் பெயர்ந்தால் கூரைக்கு ஆளே தேவையில்லை. காற்றே திருப்பிவிடும், தான் விரும்பிய சனலுக்கு.

1987இல் ஞாயிறு காலையில் இந்தி இராமாயணம் வந்தது. ஒரு வசனமும் விளங்காது. சப்டைட்டில் வேலையை ஆச்சிமார் பார்த்தார்கள். படத்தில் இல்லாததையும் சேர்த்தே சொன்னார்கள்.

1990இல் யுத்தத்தோடு கரண்ட் போனது. ஐந்து வருடத்துக்கு மேல் அது திரும்பி வரவில்லை. அப்போதுதான் நாங்கள் ஒழுங்காகப் படம் பார்க்கத் தொடங்கினோம். ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் எல்லாம் வாடகைக்கு வரும். எங்கள் கோண்டாவில் ஒழுங்கையில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேரும். பொருளாதாரத் தடைக் காலம் அது. பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். முற்றத்தில் பாய், பின்னால் வாங்கு, அதற்கும் பின்னால் காசு தராதவர்கள்.

எந்தப் படம் முதலில் என்பதில்தான் சாணக்கியம். ஆச்சிமாருக்காக முதலில் பக்திப் படம். அடுத்தது எம்.ஜி.ஆர். ஆச்சிமார் நித்திரையான பிறகு ரஜினி. இன்றைக்கு அல்கோரிதம் செய்கிற வேலையை, அன்றைக்கு டெக்கோடு வந்த பெடியன் முகத்தைப் பார்த்தே செய்தான். ஒரு மாதிரியான காட்சி வந்தால் பெரிசுகள் இருமுவார்கள். அவன் ஓடவிட்டு விடுவான்.

எவ்வளவு மோசமான படமென்றாலும் ஒருவரும் இடையில் எழும்பியதில்லை. மண்ணெண்ணெய் எரிந்துகொண்டிருக்கும்போது எப்படி எழும்புவது? விடியும்போது எல்லாப் படமும் நல்ல படமாகவே இருந்தது. விமர்சகர்களை மண்ணெண்ணெய்க் காசு கட்டவைத்துப் படம் பார்க்கவிட்டால் தமிழ் சினிமா என்றோ முன்னேறியிருக்கும்.

இப்போது கையில் போன். 2016இல் நெற்பிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது. மற்றவையும் வரிசையாக வந்தன. என்ன பார்ப்பது என்று தேடியே பாதி இரவு போகிறது. தேடிப் பிடித்த படமும் பத்தாவது நிமிடத்தில் 'சரியில்லை' ஆகிவிடுகிறது. வீட்டில் நாலு பேர், நாலு மூலை, நாலு படம், நாலும் அரைகுறை. இருமுவதற்குக்கூடப் பக்கத்தில் பெரிசு ஒன்று இல்லை.

இதற்கெல்லாம் காசு கட்டுவது யார்? வேறு யார், வெளிநாடுதான். அக்கவுண்ட் கனடாவில், பார்ப்பது கோண்டாவிலில். மருமகன் அனுப்பிய பாஸ்வேர்ட்டை மச்சாள் தங்கைக்குக் கொடுத்தாள். தங்கை ரியூசன் சிநேகிதிக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அது எங்கே போனது என்று பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

2023இல் நெற்பிளிக்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது: ஒரு அக்கவுண்ட் ஒரு வீட்டுக்கு மட்டும். ஒரு டெக்குக்கு முன்னால் ஒழுங்கை முழுவதும் குந்தியிருந்த ஊரிடம் வந்து சொல்கிற கதையா இது? ஐயாமாரே, எங்கள் ஒழுங்கை முழுக்க ஒரே வீடுதான். சந்தேகமென்றால் சொல்லுங்கள், விதானையாரிடம் கடிதம் எடுத்து அனுப்புகிறோம்.