குளிர் அவருக்கு, பில் யாருக்கு?

கேள்வி: ஸ்கூடாயில் வாடகைக்கு எடுத்த வீட்டில், முன்பு குடியிருந்தவர் வைத்துவிட்டுப் போன மின்கட்டண பாக்கியை நான் கட்ட வேண்டுமா?
– வாசகர், ஜொகூர்

பதில்: ஏர்கோனில் அவர் தூங்கியதற்கு உங்களுக்கு வியர்க்க வேண்டுமா என்ன? மின் நிறுவனமான தெனாகா நேஷனலோடு ஒப்பந்தம் செய்வது மனிதர், சுவர் அல்ல. கணக்கு யார் பெயரிலோ, கடனும் அவருடையதே. ஏறக்குறைய இரண்டு மாதக் கட்டணத்தை அந்த நிறுவனம் முன்பணமாக வாங்கி வைப்பதும் இதற்காகத்தான். "பாக்கியைக் கட்டினால்தான் விளக்கு எரியும்" என்று வீட்டுக்காரர் மிரட்டலாம். கணக்கு அவர் பெயரில் இருந்தால் கட்ட வேண்டியவரும் அவரே. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம், விதிமுறை இடம் கொடுத்தால் ஏலத்தில் சொத்து வாங்கியவரிடம் பழைய மின்பாக்கியைக் கேட்கலாம் என்றதே எனச் சிலர் மடக்குவார்கள். அது இந்தியச் சட்டம். தவிர, ஏலத்தில் எடுத்தவர் வாங்கியது சொத்து, உங்களுக்குக் கிடைத்ததோ சாவி மட்டும். ஆனால் பழைய பெயரிலேயே மாதக்கணக்கில் விளக்கெரித்தால், எது முன்பு இருந்தவர் கடன், எது உங்கள் கடன் என்று பிரிப்பது பெரும்பாடு. ஆகவே பால் காய்ச்சும் முன் மீட்டரைப் படம் எடுங்கள்; வாடகை ஒப்பந்தத்தோடு போய்க் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.